பட்டனை எங்கே மாற்றுவது? லினக்ஸில் பழைய கேமும் வீட்டிலுள்ள நாலு கொன்ரோலரும்

நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சான், சூட்கேசைத் திறந்து சொக்லேற் பைகளுக்கு அடியிலிருந்து ஒரு எக்ஸ்பொக்ஸ் கொன்ரோலரை எடுத்துத் தந்தார். மகனுக்குப் புதிது வாங்கியாயிற்றாம், இது சும்மா கிடந்ததாம். அதோடு எங்கள் வீட்டில் கொன்ரோலர் நாலாகிவிட்டது. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரி யூ.எஸ்.பி கொன்ரோலர் இரண்டு, அடாப்ரரில் கொழுவிப் பாவிக்கும் பழைய பிளேஸ்ரேஷன் 2 கொன்ரோலர் ஒன்று, இப்போது இது.

அன்று பின்னேரமே அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரும் ஹோலில் ரீவிக்கு முன்னால் குந்திவிட்டார்கள். ரீவியோடு கொழுவியிருப்பது ஏதோ ஒரு கந்தோர் கழித்துவிட்ட டெஸ்க்ரொப். லினக்ஸ் மின்ற் போட்டிருக்கிறேன். சூப்பர் மரியோ தொடங்கி ஐந்து நிமிடம் ஆகவில்லை, மருமகன் கத்தினான்: "மாமா, ஓடிக்கொண்டு பாய ஏலாமக் கிடக்கு. விரல் எட்டுதில்லை."

அவன் சொன்னது நியாயம்தான். ஏனென்று பிறகு வருகிறேன். அந்த ஒரு பட்டனை மாற்றுவதற்கு லினக்ஸில் ஒன்றல்ல, நாலைந்து இடம் இருக்கிறது. எங்கே மாற்றினாலும் மரியோ பாய்வார். பிழையான இடத்தில் மாற்றினால் நாளைக்கு வேறு பத்துக் கேம் குழம்பும். "எந்தக் கொன்ரோலர் நல்லது?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி.

தோட்டத்துக்கு இறைத்துப் பழகியவர்களுக்கு இது உடனே விளங்கும். கிணற்றடியிலிருந்து வரும் தண்ணீரைத் தலை வாய்க்காலில் திருப்பினால் முழுத் தோட்டத்துக்கும் போக்கு மாறும். பாத்தி வாயில் ஒரு வெட்டு மண்ணைப் போட்டால் அந்தப் பாத்தியோடு சரி. அழுத்திய பட்டனும் இப்படித்தான் ஓடுகிறது. முதலில் லினக்ஸின் அடித்தளமான கேர்னலிலுள்ள டிரைவர் அதைப் பிடிக்கும். டிரைவர் சொல்வதை எஸ்.டி.எல் என்ற மென்பொருள் நூலகமோ, பழைய மெஷின்களின் கேமைக் கணினியில் ஓட்டித்தரும் ரெட்ரோஆர்ச் போன்ற எமுலேற்றரோ வாசிக்கும். அங்கிருந்து அந்தந்த மெஷினைப் போல நடிக்கும் கோருக்குப் போய், கடைசியில்தான் கேமுக்குப் போகும். வெட்டு எங்கே விழவேண்டும் என்பதுதான் கேள்வி.

வெட்டுவதற்கு முன்னால் தண்ணீர் எங்கே வந்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஈவ்ரெஸ்ற் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. ரேர்மினலில் ஓடும், படம் ஒன்றும் காட்டாது. பட்டனை அழுத்த அழுத்த, கேர்னல் அதை என்னவென்று நினைக்கிறது என ஒவ்வொரு வரியாக எழுதும். கஸ்தூரியார் வீதிக் கொன்ரோலரைக் கொழுவி முக்கோணத்தை அழுத்தினேன். 288, ரிகர் என்று வந்தது. வட்டம் 289, குறுக்கு 290, சதுரம் 291. மச்சான் தந்ததைக் கொழுவிக் கீழ்ப் பட்டனை அழுத்தினேன். 304, தெற்கு என்று வந்தது.

வித்தியாசம் இங்கேதான் கிடக்கிறது. எக்ஸ்பொக்ஸ் கொன்ரோலரைக் கேர்னலுக்கு ஆளாகத் தெரியும். எந்தப் பட்டன் எந்தத் திசையில் இருக்கிறது என்பது டிரைவரிலேயே எழுதியிருக்கிறது. மலிவுக் கொன்ரோலரை அதற்குத் தெரியாது. "ஏதோ ஒரு ஜோய்ஸ்ரிக், இத்தனை பட்டன்" என்று வரிசை நம்பர் மட்டும் போட்டுவிடுகிறது. 288 என்பது முக்கோணமா குறுக்கா என்று மேலேயுள்ள யாராவது ஒரு பட்டியல் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

(ஈவ்ரெஸ்றில் எக்ஸ்பொக்ஸின் எக்ஸ் பட்டனை அழுத்தினால் "வடக்கு" என்று வரும். பட்டனோ இடப் பக்கம் இருக்கிறது. கொன்ரோலர் பழுதென்று நினைத்துவிட வேண்டாம். எக்ஸ் என்ற பெயருக்கும் வடக்கு என்ற பெயருக்கும் கேர்னல் ஒரே நம்பரை வைத்திருப்பதால் வரும் பழைய குழப்பம் அது. மேலேயுள்ள எல்லாருக்கும் இது தெரியும், அவர்கள் சரியாகவே எடுத்துக்கொள்வார்கள்.)

மலிவுக் கொன்ரோலரில் இன்னொன்றையும் அதே கருவியில் பார்த்தேன். நடுவில் அனலொக் என்று ஒரு பட்டனும் சிவப்பு லைற்றும் இருக்கும். லைற் எரியாதபோது திசைப் பட்டனை அழுத்தினால், அது இடப்பக்க ஸ்ரிக்கைத் தள்ளியது போல 0, 127, 255 என்று வருகிறது. லைற் எரியும்போது திசைப் பட்டன் தனியாக வருகிறது. ஆக, லைற்றை அணைத்துவைத்துச் செற் பண்ணிவிட்டு, பிறகு பிள்ளைகள் விளையாட்டில் அந்தப் பட்டனைத் தட்டிவிட்டால், "திசைப் பட்டன் வேலை செய்யேல்லை" என்று சத்தம் வரும். எங்கள் வீட்டில் இரண்டு நாள் வந்தது. மூன்றாம் நாள்தான் எனக்கு லைற் கண்ணில் பட்டது.

இனி ஒவ்வொரு இடமாக வருவோம்.

ஆக அடியில் இருப்பது கொன்ரோலரும் டிரைவரும். இங்கே நீங்கள் செய்யக்கூடியது குறைவு, ஆனால் செய்தால் பலன் பெரிது. இப்போது வரும் பல மலிவுக் கொன்ரோலர்களில் இரண்டு முகம் இருக்கிறது. எக்ஸ் இன்புட் ஒன்று, டி இன்புட் மற்றது. பின்பக்கம் ஒரு சுவிச் இருக்கும், அல்லது நடுப் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடிக்கவேண்டும். எக்ஸ் முகத்தில் வைத்தால் அது தன்னை எக்ஸ்பொக்ஸ் 360 கொன்ரோலர் என்று சொல்லிக்கொள்ளும். லினக்ஸிலுள்ள எக்ஸ்பாட் டிரைவர் அதை உடனே பொறுப்பெடுக்கும். பட்டியல் தேடும் வேலையே இல்லை. கடையில் வாங்கும்போது பெட்டியில் எக்ஸ் இன்புட் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்காமல் வாங்கினேன், அதனால்தான் இந்தக் கட்டுரை இவ்வளவு நீளம்.

பிளேஸ்ரேஷன் 5 கொன்ரோலருக்கு சோனியே எழுதித் தந்த டிரைவர் 2021 இல், 5.12 கேர்னலோடு வந்தது. நின்ரெண்டோ சுவிச் கொன்ரோலர்களுக்கானது 2022 ஜனவரியில், 5.16 இல் வந்தது. பழைய லப்ரொப்பில் பழைய லினக்ஸை அப்படியே வைத்திருப்பவர்கள் ரெட்ரோஆர்ச்சைக் குறை சொல்லமுன் கேர்னல் எத்தனையாவது என்று ஒருதரம் பார்ப்பது நல்லது. பிளேஸ்ரேஷன் 3 கொன்ரோலர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. முன்பு வயரில் ஒருதரம் கொழுவிக் கழற்றினால் புளூரூத்தில் ஒழுங்காக வேலை செய்த அது, 2023 கடைசியில் வந்த ஒரு பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு பலருக்கு இணைவதில்லை. முறையாகப் பிணைக்காத பழைய வகைச் சாதனங்களை லினக்ஸ் புளூரூத் இப்போது உள்ளே விடாது. புளூரூத்தின் செற்றிங் கோப்பில் அந்த வரியைத் தளர்த்தினால் வேலை செய்யும், பாதுகாப்பும் அந்தளவுக்குத் தளரும். வயரில் விளையாடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம்.

மச்சான் தந்த எக்ஸ்பொக்ஸ் கொன்ரோலரில் புளூரூத் இருக்கிறதா என்பது அவருக்கே தெரியவில்லை. பார்த்தவுடன் சொல்லலாம். நடுவிலுள்ள எக்ஸ்பொக்ஸ் பட்டனைச் சுற்றியுள்ள பிளாஸ்ரிக், கொன்ரோலரின் முகத்தோடு ஒரே துண்டாக இருந்தால் புளூரூத் உண்டு. மேலேயுள்ள தோள் பட்டன்களோடு சேர்ந்த தனித் துண்டாக இருந்தால் அது 2013 இல் வந்த முதல் வகை, புளூரூத் இல்லை. மச்சான் தந்தது புளூரூத் இருக்கும் வகை. புளூரூத்தில் பாவிக்க எக்ஸ்பாட்நியோ என்ற தனி டிரைவரைப் போடுவது நல்லது. போட்டேன், வேலையும் செய்தது. ஆனால் பக்கத்து யூ.எஸ்.பி 3 துளையில் ஹார்ட்டிஸ்க் கொழுவியிருந்தபோது மரியோ தானாகவே ஓடிப்போய்க் குழியில் விழுந்தார். யூ.எஸ்.பி 3 வயர்கள் 2.4 கிகாஹேர்ட்ஸ் பக்கம் இரைச்சல் போடும், புளூரூத்தும் அங்கேதான் பேசுகிறது. புளூரூத் டொங்கிளை ஒரு நீட்டு வயரில் தள்ளி வைத்ததும் சரிவந்தது. ஒரு வயரைத் தவிர்க்க இன்னொரு வயர்.

அதனால் வயரா புளூரூத்தா என்ற கேள்விக்கு என் பதில், இந்த வீட்டில் வயர். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் நின்ற நாட்களில் லப்ரொப்பில் கடைசிச் சொட்டு பற்றரி வரைக்கும் விளையாடியது வயர்க் கொன்ரோலர்தான். அதற்கென்று தனியாகச் சார்ஜ் தேவையில்லை. தாமதத்தைப் பற்றிச் சிலர் நிறையக் கவலைப்படுவார்கள். செக்கனுக்கு 60 பிரேமில் ஓடும் கேமில் ஒரு பிரேம் என்பது ஏறக்குறைய 16.7 மில்லிசெக்கன். சாதாரண யூ.எஸ்.பி கொன்ரோலர் 8 அல்லது 10 மில்லிசெக்கனுக்கு ஒருதரம் பதில் சொல்லும். அதில் மிச்சம்பிடிப்பதைவிட ரீவியில் கேம் மோடைப் போடுவது கூடப் பலன் தரும்.

இனி ரெட்ரோஆர்ச். பழைய கேம் விளையாடுபவர்களில் பெரும்பாலானோருக்கு வெட்டு விழவேண்டிய இடம் இதுதான். ஆனால் இதற்குள்ளேயே இரண்டு மடை இருக்கிறது. ஒன்றை மற்றதென்று நினைத்துத்தான் நான் முதலில் கெடுத்தேன்.

ரெட்ரோஆர்ச், ரெட்ரோபாட் என்ற ஒரு கற்பனைக் கொன்ரோலரை நடுவில் வைத்திருக்கிறது. அது சூப்பர் நின்ரெண்டோவின் கொன்ரோலரைப் பார்த்துச் செய்தது. கீழே பி, வலத்தில் ஏ, இடத்தில் வை, மேலே எக்ஸ். எக்ஸ்பொக்ஸில் ஏ கீழே, பி வலத்தில் என்பதால் எழுத்துகள் இடம் மாறித் தெரியும். எழுத்தை மறந்துவிட்டு இடத்தை மட்டும் பாருங்கள். முதல் மடை, உங்கள் கையிலுள்ள கொன்ரோலரை இந்த ரெட்ரோபாட்டோடு பொருத்துவது. இரண்டாவது மடை, ரெட்ரோபாட்டை ஒவ்வொரு கோருக்கும் பொருத்துவது. அதை ரீமாப் என்பார்கள்.

மருமகன் கத்திய விசயத்துக்கு வருவோம். பழைய நின்ரெண்டோவின் கொன்ரோலரில் பி இடப்பக்கம், ஏ வலப்பக்கம், இரண்டும் ஒரே கோட்டில். பெருவிரல் நுனியால் பி ஐ அழுத்தி ஓடிக்கொண்டே, விரலின் அடியைச் சாய்த்து ஏ ஐ அழுத்தினால் பாயும். ரெட்ரோஆர்ச் இதை எழுத்துக்கு எழுத்து வைப்பதால், பி கீழேயும் ஏ வலத்திலும் வந்துவிடுகிறது. நுனி கீழே இருக்க, வலப்பக்கத்தை அழுத்தப் பெருவிரலுக்கு மூட்டு இன்னொன்று வேண்டும். ஓட்டத்தை இடப் பட்டனுக்கும், பாய்ச்சலைக் கீழ்ப் பட்டனுக்கும் கொண்டுவந்தால் விரல் இயல்பாகச் சாயும்.

நான் என்ன செய்தேனென்றால், செற்றிங்ஸில் இன்புட்டுக்குப் போய், முதலாவது ஆளுக்கான போர்ட்டில் பட்டன்களை நேரே மாற்றிவிட்டேன். அதாவது முதல் மடையில் கைவைத்தேன். மரியோ அருமையாக ஓடினார். பிள்ளைகளுக்குச் சந்தோசம். இரவு நான் சூப்பர் நின்ரெண்டோக் கேம் ஒன்றைத் திறந்தால் அடிக்கிற பட்டனில் பாய்கிறது. மெகா டிரைவில் மூன்று பட்டனும் தாறுமாறு. மெனுவில் சரி என்று அழுத்தினால் திரும்பிப் போகிறது. ஒரு பாத்திக்காகத் தலை வாய்க்காலையே திருப்பியிருக்கிறேன்.

சரியான வழி இது. முதல் மடையில் உண்மையை மட்டும் சொல்லவேண்டும். கீழ்ப் பட்டன் கீழ்ப் பட்டன்தான், இடப் பட்டன் இடப் பட்டன்தான். எக்ஸ்பொக்ஸ் போன்ற தெரிந்த கொன்ரோலர்களுக்கு ரெட்ரோஆர்ச் தானாகவே இதைச் செய்துவிடும். மலிவுக் கொன்ரோலருக்கு, எல்லாப் பட்டனையும் ஒருதரம் வரிசையாக அழுத்திக் காட்டி, கொன்ரோலர் புரொபைலாகச் சேமித்துவிடவேண்டும். செய்யும்போது சிவப்பு லைற் எரிந்துகொண்டிருக்கட்டும். பிறகு கேமைத் திறந்து, விரைவு மெனுவில் கொன்ரோல்ஸுக்குப் போய், வை என்ற இடத்தில் பி ஐயும், பி என்ற இடத்தில் ஏ ஐயும் வைத்து, கோர் ரீமாப் என்று சேமிக்கவேண்டும். அந்தக் கோரில் ஓடும் எல்லா நின்ரெண்டோக் கேமுக்கும் இது போதும், மற்றப் பாத்தி ஒன்றும் நனையாது. இரண்டாவது போர்ட்டுக்கும் அதையே செய்ய மறக்கவேண்டாம். நான் மறந்தேன், மருமகள் நினைவுபடுத்தினாள். ஒரு கேமுக்கு மட்டும் வேண்டுமென்றால் கேம் ரீமாப் என்று தனியாகச் சேமிக்கலாம்.

ரீமாப் தேவைப்படாத இடங்களும் உண்டு. மெகா டிரைவின் ஏ, பி, சி மூன்றும் இடம், கீழ், வலம் என்று இயல்பாகவே வந்து விழுகின்றன. நின்ரெண்டோ 64 இல் சி பட்டன் நாலும் வலப்பக்க ஸ்ரிக்குக்குப் போகும். கொஞ்சம் பழகவேண்டும், ஆனால் அதைவிட நல்ல இடம் இல்லை. பிளேஸ்ரேஷன் முதலாவதில் மட்டும் கவனம். அந்த மெஷின் 1994 இல் வந்தது, டுவல்ஷொக் வந்தது 1997 இல். அதற்கு முந்திய கேம்களில் சில ஸ்ரிக் உள்ள கொன்ரோலரை ஏற்காது, பிந்தியவற்றில் சில அது இல்லாமல் நகராது. இது பட்டன் பிரச்சினை அல்ல. எந்த வகைக் கொன்ரோலர் கொழுவியிருக்கிறது என்று கேமுக்குச் சொல்லும் டிவைஸ் ரைப் அதே மெனுவில் இருக்கிறது, அங்கே மாற்றவேண்டும்.

ஒரே மாதிரி இரண்டு கொன்ரோலர் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டும் கணினிக்கு 0079, 0006 என்று ஒரே அடையாளத்தைத்தான் காட்டுகின்றன. டிராகன்ரைஸ் என்ற பெயரில் வரும் அந்தச் சிப்பைக் கணக்கில்லாத மலிவுக் கொன்ரோலர்களுக்குள் காணலாம். வெளித்தோற்றம் வேறு, உள்ளே பட்டன் வயரிங்கும் சிலவேளை வேறு, அடையாளம் மட்டும் ஒன்று. அதனால்தான் தயாராக உள்ள பட்டியல் ஒருவருக்குச் சரியாகவும் இன்னொருவருக்குக் குறுக்கு முக்கோணமாகவும் வருகிறது. இரண்டும் ஒரே கடையில் ஒரே பெட்டியிலிருந்து வந்ததால் எங்களுடையதற்கு ஒரு புரொபைல் போதுமாக இருந்தது. ஆனால் யார் முதலாவது ஆள் என்பது, ரெட்ரோஆர்ச் எதை முதலில் கண்டது என்பதைப் பொறுத்தது. அதில் இரண்டு பிள்ளைகளுக்கும் நாள்தோறும் சண்டை. மெனுவில் போர்ட்டுக்குப் போய் டிவைஸ் நம்பரை மாற்றலாம். நான் அக்காவின் சிவப்பு நகப்பூச்சை ஒன்றில் பொட்டாக வைத்து, பொட்டு வைத்ததை முதலில் கொழுவவேண்டும் என்று சட்டம் போட்டேன். மென்பொருளில் இதைவிட நல்ல தீர்வு இருக்கலாம். எனக்கு இது இரண்டு ரூபாய் செலவில்லாமல் முடிந்தது.

பிளேஸ்ரேஷன் 2 கொன்ரோலரைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கேமுக்கு வீட்டிலுள்ள நாலிலும் திசைப் பட்டன் நன்றாக இருப்பது அதில்தான். இரண்டு துளையுள்ள மலிவு அடாப்ரர் ஒரே சாதனமாக வந்து இரண்டு ஜோய்ஸ்ரிக்காகப் பிரியும், ஒரு துளை வெறுமையாக இருந்தாலும் இரண்டு ஆள் என்று ரெட்ரோஆர்ச் சொல்லும். பயப்படத் தேவையில்லை. யாரிடமாவது பழைய சோனிக் கொன்ரோலர் மேசை லாச்சிக்குள் கிடந்தால் எறியவிடாதீர்கள்.

மூன்றாவது இடம், தனித்தனி எமுலேற்றர்கள். ரெட்ரோஆர்ச்சின் மெனு பிடிக்காதவர்கள் நிறைய, எனக்கும் சில நாள் பிடிப்பதில்லை. பி.எஸ்.பி க்கு பி.பி.எஸ்.எஸ்.பி.பி, பிளேஸ்ரேஷன் 2 க்கு பி.சி.எஸ்.எக்ஸ் 2 என்று தனியாக வைத்திருந்தால் படமும் வேகமும் செற்றிங்கும் நேரே கைக்குள் இருக்கும். விலை என்னவென்றால், ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பட்டனைக் காட்டவேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பழக்கம். மேமில் ராப் கீயை அழுத்தினால் மெனு வரும். மெட்னாபெனில் மெனுவே இல்லை, ஓல்ற், ஷிப்ற், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது ஒவ்வொரு பட்டனாகக் கேட்டுக்கொண்டு போகும். முதல்தரம் செய்தவருக்கு இரண்டாம்தரம் செய்ய நினைவிருக்காது.

இந்த வேலையைக் குறைப்பதற்குத்தான் எஸ்.டி.எல் இன் பட்டியல். புதிய எமுலேற்றர்கள் பலவும் கொன்ரோலரை எஸ்.டி.எல் ஊடாகத்தான் வாசிக்கின்றன. ஒவ்வொரு கொன்ரோலரின் அடையாளமும், அதில் எத்தனையாவது பட்டன் எந்த இடம் என்பதும் அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வரியாக இருக்கும். உங்கள் கொன்ரோலருக்கு வரி இல்லாவிட்டால் அல்லது பிழையாக இருந்தால், நீங்களே ஒரு வரி எழுதி, புரோகிராம்கள் தொடங்கும்போது வாசிக்கும் சூழல் மாறி ஒன்றில் வைத்துவிடலாம். அதற்குப் பிறகு எஸ்.டி.எல் பாவிக்கும் எல்லாவற்றுக்கும் அது போய்ச் சேரும். நல்ல தலை வாய்க்கால் இது. ரெட்ரோஆர்ச் லினக்ஸில் வழமையாகத் தன்னுடைய சொந்த வாசிப்பு முறையைப் பாவிப்பதால் அதற்கு மட்டும் இது போகாது. ஆக இரண்டையும் வைத்திருப்பவர் இரண்டு இடத்தில் ஒருதரம் ஒருதரம் செய்யவேண்டும். பத்து இடத்தில் செய்வதைவிட அது பரவாயில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. எஸ்.டி.எல் போடும் அடையாளம், கொன்ரோலர் எந்த வழியால் வந்தது என்பதையும் சேர்த்துத்தான். யூ.எஸ்.பி யால் வந்தால் 03 என்று தொடங்கும், புளூரூத்தால் வந்தால் 05. வயரில் கொழுவிச் செற் பண்ணிவிட்டு வயரைக் கழற்றி புளூரூத்தில் எடுத்தால், கணினிக்கு அது வேறொரு கொன்ரோலர். செய்ததெல்லாம் போய்விட்டது என்று தலையில் கைவைக்க வேண்டாம், இரண்டாவது வரி ஒன்று எழுதினால் போதும். இன்னுமொன்று. எமுலேற்றரை ஸ்னாப் பொதியாக (கணினியின் மற்றப் பாகங்களைத் தொட அனுமதி தேவைப்படும் வகை) போட்டவர்களுக்குக் கொன்ரோலரே தெரியாமல் போனால், பட்டனைத் தேடமுன் அந்தப் பொதிக்கு ஜோய்ஸ்ரிக் அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். தானாகக் கொடுக்கப்படுவதில்லை.

நாலாவது, அன்ரிமைக்ரோஎக்ஸ். கொன்ரோலர்ப் பட்டனை கீபோர்ட் கீயாக மாற்றித் தரும். கேட்க இலகுவாக இருப்பதால் பலர் இதில்தான் தொடங்குகிறார்கள், நானும் தொடங்கினேன். எமுலேற்றருக்கு இது வேண்டாம். ஸ்ரிக்கைக் கொஞ்சம் தள்ளுவதும் முழுக்கத் தள்ளுவதும் கீபோர்ட்டுக்கு ஒன்றுதான். எமுலேற்றர் கொன்ரோலரையும் பார்த்து, கீயையும் பார்த்து, ஒரு அழுத்தலை இரண்டாக எடுக்கும். ஆனால் கொன்ரோலரே தெரியாத பழைய டொஸ் கேம்களுக்கும், பிரவுசரில் ஓடும் கேம்களுக்கும் இது கைகொடுக்கும். அதற்கென்று மட்டும் வைத்திருக்கிறேன்.

ஐந்தாவது வழி, இந்தத் தலையிடி ஒன்றும் வேண்டாம் என்பவர்களுக்கு. பட்டோசெரா என்று ஒரு முழு லினக்ஸ் இருக்கிறது. பென்டிரைவில் போட்டு அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம், உள்ளேயிருக்கும் ஹார்ட்டிஸ்க்கைத் தொடாது. தெரியாத கொன்ரோலரைக் கொழுவினால் மேல், கீழ், இடம், வலம் என்று ஒருதரம் கேட்கும். அந்த ஒருதரம் எல்லா எமுலேற்றருக்கும் போதும். கொண்டாவிலில் இருக்கும் சிநேகிதன் ஒருவனுக்கு இதைத்தான் போட்டுக்கொடுத்தேன். அவனுடைய வீட்டில் அந்தக் கணினிக்கு வேறு வேலை இல்லை. சனிக்கிழமை பின்னேரம் பிள்ளைகள் விளையாடவேண்டும், அவ்வளவுதான். ஆனால் உள்ளே கைவைத்துத் திருத்திப் பழகியவர்களுக்கு இது எரிச்சல் தரும். ஒவ்வொருதரமும் கேமைத் தொடங்கும்போது எமுலேற்றரின் செற்றிங் கோப்பை அது புதிதாக எழுதும். நீங்கள் கையால் திருத்தியது அடுத்த தொடக்கத்தில் இருக்காது. அது சொல்கிற இடத்தில்தான் திருத்தவேண்டும். அதோடு, கேம் விளையாட ஒருதரம், பாடம் படிக்க ஒருதரம் என்று கணினியை நிறுத்தி நிறுத்தித் தொடங்க எங்கள் வீட்டில் யாருக்கும் பொறுமை இல்லை.

ஆகவே என் முடிவு இப்படி வந்து நின்றது. நின்ரெண்டோ, மெகா டிரைவ், முதல் பிளேஸ்ரேஷன் எல்லாம் ரெட்ரோஆர்ச்சில். கொன்ரோலர் புரொபைலில் பொய் சொல்வதில்லை, விரலுக்கு ஏற்ற மாற்றங்கள் எல்லாம் கோர் ரீமாப்பில். பி.எஸ்.பி யும் பிளேஸ்ரேஷன் 2 உம் தனி எமுலேற்றரில், அதற்கு எஸ்.டி.எல் இல் இரண்டு வரி. பட்டோசெரா பென்டிரைவ் அலுமாரிக்குள். நீங்கள் புதிதாக ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால், எக்ஸ் இன்புட் உள்ள வயர்க் கொன்ரோலர் வாங்குங்கள். இதில் பாதி வேலை இல்லாமல் போகும். விலை கூடியதை வாங்கமுன், பனங்காய்ப் பணியாரம் தின்ற கையோடு அதைப் பிடிக்கப்போவது யார் என்பதையும் யோசியுங்கள்.

திருவிழா முடிந்து மச்சான் ஆட்கள் திரும்பிப் போகிறபோது, அவருடைய மகன் என்னிடம் வந்து, மரியோ ஓடுகிற மாதிரியே தன்னுடைய கணினியிலும் ஓடவேண்டும் என்றான். அங்கே விண்டோஸ், கையில் புதுக் கொன்ரோலர். இரண்டு கோப்பை வட்ஸ்அப்பில் அனுப்பினேன். கொன்ரோலர் புரொபைல் அங்கே ஒன்றுக்கும் உதவவில்லை. அது இந்தச் சிவப்பு லைற் கொன்ரோலருக்கும் லினக்ஸ் வாசிப்பு முறைக்கும் எழுதியது. ரீமாப் கோப்பு ரெட்ரோபாட்டுக்கும் கோருக்கும் இடையிலானது. அதே கோரின் பெயருள்ள கோப்புறைக்குள் போட்டானாம், அப்படியே ஓடியதாம்.